கடல் கடந்த பிள்ளை: சட்டத்தின் ஆயத்தமும் நம் அக்கறையும்

அரபுமொழி கற்பிப்போரின் இல்லத்திற்கு மாணவர்கள் மட்டும் வருவதில்லை. வளைகுடா நாடுகளின் நீதிமன்றங்களும் தொழிலாளர் அலுவலகங்களும் வழங்கிய தாள்களைக் கையிலேந்தி ஊர்மக்களும் வருவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து பெரியவர் ஒருவர் அத்தகைய தாளொன்றுடன் வந்தார். அவருடைய மகள், நோயுற்ற தாயைப் பார்ப்பதற்காக வளைகுடாவிலிருந்து தனியே ஊர் வந்தவர். ஆறு வயது மகன் பள்ளிக்கூடத்தை முன்னிட்டுத் தந்தையிடம் விடப்பட்டிருந்தான். வந்த இடத்தில் தலாக் செய்தி வந்தது. கணவரின் பொறுப்பில் பெற்றிருந்த அவரது விசா நீக்கப்பட்டது. வழக்குத் தொடர்ந்ததில் அந்நாட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. “ஹஸ்ரத், புள்ள ஆருக்குன்னு இதுல எழுதியிருக்கு?” என்பதே பெரியவரின் கேள்வி.

தீர்ப்பில் இரண்டு சொற்கள் இருந்தன. ஹளானத் தாய்க்கு, விலாயத் தந்தைக்கு. அத்துடன் இணைக்கப்பட்டிருந்த ஆங்கிலப் பெயர்ப்பில் இவ்விரண்டும் ஒரே சொல்லாக, ‘கார்டியன்’ எனும் பொருளில் தரப்பட்டிருந்தன. அப்பெயர்ப்பை நம்பிய உள்ளூர் வழக்கறிஞர், பிள்ளை தந்தைக்கே உரியது எனத் தீர்ப்பாகிவிட்டதாகக் கூறி அனுப்பியிருந்தார். உண்மை அதற்கு நேர்மாறானது. வளர்க்கும் உரிமை தாய்க்குத் தரப்பட்டிருந்தது. ஆயின் நுழைவுரிமையற்ற ஒரு நாட்டில் அவ்வுரிமையை அவர் எவ்வாறு செலுத்துவார்? இந்திய அரசின் எந்த அலுவலகத்திற்கு விண்ணப்பித்தால் அத்தீர்ப்பு உயிர்பெறும்? இவ்வினாக்களுக்கு என்னிடம் விடையில்லை. விடை தேடிச் சட்ட நூல்களையும் ஆணைய அறிக்கைகளையும் படித்தபோது, நம் நாட்டின் சட்டத்திலேயே அவற்றுக்கு இடமில்லை என்பது புலனாயிற்று. அந்த வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

பெயரும் பொருளும்

பெற்றோருள் ஒருவர் மற்றவரின் இசைவின்றிக் குழந்தையை ஒரு நாட்டிலிருந்து வேறொரு நாட்டிற்குக் கொண்டுசெல்வதும், சென்ற இடத்தில் திருப்பியனுப்பாமல் நிறுத்திக்கொள்வதும் பன்னாட்டுச் சட்டத்தில் ‘குழந்தைக் கடத்தல்’ எனப்படுகின்றன. இது குறித்த ஹேக் உடன்படிக்கை 1980 அக்டோபர் 25 அன்று உருவாகி, 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. இந்தியா இணையவில்லை.

உடன்படிக்கையின் அடிப்படை எளியது. பதினாறு வயது நிறையாத குழந்தை தன் வழக்கமான வாழிடத்திலிருந்து முறைகேடாக அகற்றப்பட்டால் அதனை விரைந்து அவ்விடத்திற்கே திருப்பியனுப்ப வேண்டும். யாரிடம் வளர்வது நல்லது என்பதை அவ்விடத்து நீதிமன்றமே முடிவுசெய்யும். சென்றுசேர்ந்த நாட்டின் நீதிமன்றம் அந்த வினாவிற்குள் நுழைவதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென மைய அதிகார அமைப்பு ஒன்று இருக்கும். ஆறு வாரங்களுக்குள் முடிவு எட்டப்படாவிடில் தாமதத்திற்குக் காரணம் கேட்கலாம். திருப்பியனுப்பினால் குழந்தைக்குக் கடும் ஆபத்து நேரும் எனில் மறுக்கவும், முதிர்ச்சியுற்ற குழந்தையின் மறுப்பைக் கருத்திற்கொள்ளவும் 13-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

‘கடத்தல்’ எனும் சொல் தமிழில் உண்டாக்கும் உறுத்தலை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். எல்லைப்புறத்தில் வாழும் குமரி மாவட்டத்தார்க்கு அச்சொல் கேரளத்திற்குச் செல்லும் ரேஷன் அரிசியை நினைவூட்டும். விமான நிலையத்தில் பிடிபடும் தங்கத்தை நினைவூட்டும். அடி தாங்காமல் தன் குழந்தையை அணைத்துக்கொண்டு தாய்வீடு திரும்பும் ஒரு பெண்ணின் செயலும், ஏதுமறியாத தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து மறைக்கும் ஒரு தந்தையின் செயலும் அதே சொல்லால் அழைக்கப்படுவது முறையாகுமா? இந்தியச் சட்ட ஆணையம் தன் வரைவு மசோதாவின் பெயரில் ‘கடத்தல்’ என்பதைத் தவிர்த்து, ‘அகற்றலும் நிறுத்திவைத்தலும்’ என்ற தொடரைக் கையாண்டது பாராட்டத்தக்கது. இக்கட்டுரையும் அதனையே பின்பற்றுகிறது.

நம்மிடம் உள்ள சட்டங்கள்

இத்தகைய வழக்குகளுக்கென இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. வேறு நோக்கங்களுக்காக ஆக்கப்பட்ட சட்டங்களே பயன்படுத்தப்படுகின்றன. அவற்றுள் மூத்தது 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புப் பிள்ளைகள் சட்டம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றமே மனுவை விசாரிக்கலாம் என்பது அதன் 9-ஆம் பிரிவு. நேற்று விமானத்தில் வந்திறங்கி இன்று நாகர்கோவிலில் பள்ளியில் சேர்க்கப்பட்ட குழந்தை எங்கே வழக்கமாக வசிக்கிறது? பயணம் எளிதல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டத்திடம் இதற்குத் தெளிவான விடையை எதிர்பார்ப்பதற்கில்லை.

அடுத்தது அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின் கீழான ஆட்கொணர்வு மனு. சட்டவிரோதக் காவலில் உள்ளவரை மீட்பதற்கான இக்கருவியே நடைமுறையில் பெரிதும் பயன்படுகிறது. 2004 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டபின் குமரி மாவட்டத்தார் இதற்காகச் சென்னைவரை செல்ல வேண்டியதில்லை. ஆயின் இம்மனு இந்திய மண்ணில் உள்ள குழந்தையை மட்டுமே எட்டும். துபாயிலோ தம்மாமிலோ உள்ள பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்பது குறித்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதிகள். இங்கே ஒரு முரண்பாடு உண்டு. 2020 ஜனவரி 17 அன்று நடுவண் அரசு ஐக்கிய அரபு அமீரகத்தை அச்சட்டத்தின் 44-ஏ பிரிவின் கீழ்ப் பரஸ்பர நாடாக அறிவித்தது. அதன்படி, அமீரகத்தில் வங்கிக்கடன் செலுத்தாமல் ஊர் திரும்பியவர்மீது அங்குப் பெறப்பட்ட தீர்ப்பை நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் நேரே நிறைவேற்றலாம். ஆனால் அப்பிரிவு பணம் செலுத்தவேண்டிய தீர்ப்புகளுக்கு மட்டுமே பொருந்துவது. ஒரு குழந்தை தாயிடம் வளரவேண்டும் எனும் தீர்ப்பு அதன் எல்லைக்குள் வராது. கடன் திரும்பிவரச் சட்டம் பாதை அமைத்துள்ளது. பிள்ளை திரும்பிவர அமைக்கவில்லை.

ஊசலாடும் தீர்ப்புகள்

சட்டமன்றங்கள் விட்ட இடைவெளியை நாற்பது ஆண்டுகளாக உச்ச நீதிமன்றமே நிரப்ப முயன்றுவருகிறது. 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவ்வரிசையில் முன்னோடியானது. மனைவியைக் கொல்ல ஆளமர்த்த முயன்று இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்ட ஒருவர், அதே மனைவியின் பரிவினால் சிறையினின்று விடுபட்டு, பின்னர் மகனுடன் பஞ்சாபுக்கு வந்துவிட்டார். குழந்தையின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடைய நாட்டின் நீதிமன்றமே உரியது என்று கூறி, பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்தது உச்ச நீதிமன்றம். 1997-இல் வேறொரு வழக்கில் முடிவு மாறியது. பிறந்து ஒரு மாதம் கடந்த நிலையில் அமெரிக்காவிலிருந்து தாயுடன் வந்த அம்மகன், இறுதித் தீர்ப்பின்போது பதினான்கு வயதை எட்டியிருந்தான். அவன் தாயிடமே இருக்க விடப்பட்டான். முடிவு சரியானதே. ஆயின் அம்முடிவை நீதிமன்றம் எடுத்ததா, பதினான்கு ஆண்டுகள் எடுத்தனவா எனும் ஐயம் எழாமற்போகாது.

தமிழ்நாட்டைத் தொட்ட மூன்று வழக்குகளை அடுத்து நோக்கலாம். முதலாவதில், நியூயார்க் நீதிமன்றத்தின் ஆணை நிலுவையில் இருக்க, 2007-இல் தாயுடன் இந்தியா வந்த சிறுவனை இரண்டாண்டுத் தேடலுக்குப்பின் 2009 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை சென்னையில் கண்டறிந்தது. அமெரிக்க நீதிமன்றமே முடிவுசெய்யட்டும் என்று அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாவது, கோவையில் தாயுடன் வாழ்ந்த இரு சிறுமியர் வழக்கு. 2012-இல் இங்கிலாந்திலிருந்து வந்த அவர்களைத் திரும்பக் கோரிய தந்தையின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தள்ளியது. 2015 பிப்ரவரி 27 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகூர், யு. யு. லலித் ஆகியோர் அம்முடிவை மாற்றினர். எந்த நாட்டின் நீதிமன்றம் முதலில் ஆணை பிறப்பித்ததோ அதற்கு மதிப்பளிக்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. அதேவேளை தாயும் உடன் செல்லவும் அங்கே தங்கவும் ஆகும் செலவைத் தந்தை ஏற்கவேண்டும் என்றும் பணித்தனர். பிள்ளைகளை மட்டும் விமானத்தில் ஏற்றிவிடுவது நீதியாகாது என்பதை உணர்ந்த தீர்ப்பு அது.

அந்நெறி இரண்டாண்டுகளே நிலைத்தது. 2017 ஜூலை 3 அன்று நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை ஏற்க மறுத்தது. வெளிநாட்டு நீதிமன்றத்தின் ஆணை கருத்திற்கொள்ளத்தக்க கூறுகளுள் ஒன்று மட்டுமே. குழந்தையின் நலனே முதன்மையானது என்று அது உரைத்தது. அவ்வழக்கின் சிறுமி இந்தியாவிலேயே தங்கினாள். மூன்றாவது தமிழ்நாட்டு வழக்கு 2022 ஜூலையில் முடிந்தது. அதில் பிள்ளைகளைச் சென்னையில் நிறுத்திவைத்தவர் தந்தை. அமெரிக்காவிலிருந்து கேட்டவர் தாய். பிள்ளைகள் தாயிடம் அனுப்பப்பட்டனர்.

இத்தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு நீதிபதிகளின் பரிவில் ஐயம் தோன்றாது. ஒரே சொல் எத்தனை பொருள் தாங்குகிறது என்பதில்தான் வியப்புத் தோன்றும். ‘குழந்தையின் நலன்’ என்பதைச் சொல்லியே 1984-இல் அனுப்பினர். அதனைச் சொல்லியே 1997-இல் நிறுத்தினர். 2015-இல் அனுப்பவும், 2017-இல் நிறுத்தவும் அதுவே காரணமாயிற்று. ஒவ்வொரு வழக்கிற்கும் தனித்த நியாயம் உண்டென்பது உண்மையே. ஆயினும் வழக்குக்கு முன்னரே முடிவை ஓரளவேனும் கணிக்க இயலாத நிலையில், பெற்றோர் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே. காலத்தை நீட்டிப்பவர் வெல்வார். பிள்ளை புதிய பள்ளியில் வேரூன்றியபின் அதனைப் பிடுங்குவது கொடுமை என எந்த நீதிபதியும் கருதுவார். ஆகவே குழந்தையை முதலில் கைக்கொண்டு, வாய்தாக்களை எண்ணிக்கொண்டிருப்பதே வழியாகிவிடுகிறது.

மூன்று அறிக்கைகள்

இக்குறையை அரசு அறியாததன்று. நீதிபதி ஏ. ஆர். இலட்சுமணன் தலைமையிலான சட்ட ஆணையம் 2009 மார்ச்சில் தன் 218-ஆவது அறிக்கையில் இந்தியா ஹேக் உடன்படிக்கையில் இணையவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2016-இல் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு மசோதாவை வரைந்தது. நீதிபதி பி. எஸ். சௌகான் தலைமையிலான ஆணையம் அதனை ஆராய்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் 263-ஆவது அறிக்கையுடன் திருத்திய வரைவொன்றை அளித்தது. ஆயின் அமைச்சகம் அவ்வாண்டின் இறுதியில் பின்வாங்கியது. வன்முறைக்கு அஞ்சித் தாயகம் திரும்பும் பெண்களை உடன்படிக்கை தண்டித்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். பின்னர் நீதிபதி ராஜேஷ் பிண்டல் தலைமையில் அமைந்த குழு, 2018 ஏப்ரலில் தன் அறிக்கையையும் மற்றொரு வரைவையும் அளித்தது. இத்தகைய பிணக்குகளைத் தீர்க்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் அமையவேண்டும் என்பது அதன் முதன்மைப் பரிந்துரை. வரைவுகளுள் எதுவும் சட்டமாகவில்லை.

அமைச்சகத்தின் அச்சம் வெற்றச்சம் அன்று. ஹேக் மாநாட்டிற்காக 2015-ஆம் ஆண்டின் விண்ணப்பங்களை ஆராய்ந்த பேராசிரியர் நைஜல் லோ, குழந்தையை அகற்றியவர்களுள் 73 விழுக்காட்டினர் தாய்மார்கள் எனக் கண்டார். பிள்ளையைத் தூக்கிச்செல்லும் தந்தையரை மனத்திற்கொண்டு வரையப்பட்டதாகக் கூறப்படும் உடன்படிக்கை, நடைமுறையில் தாய்மாரையே எதிர்கொள்கிறது. அவருள் எத்தனையோ பேர் அடிக்கும் கையிலிருந்து தப்பியவர்கள். இந்நிலையில் 263-ஆவது அறிக்கையின் வரைவு, முறைகேடாக அகற்றுவோர்க்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்தது பெரும் பிழை என்பேன். ஹேக் உடன்படிக்கையே தன்னை உரிமையியல் கூறுகளோடு நிறுத்திக்கொண்டது. அதற்குமேல் சென்று தாயைக் குற்றவாளியாக்குவது எந்தக் குழந்தைக்கும் நலமன்று. சிறைக்கு அஞ்சும் பெற்றோர் பிள்ளையை இன்னும் ஆழமாக மறைப்பர். இணங்கிவரும் வாயிலும் அடைபடும்.

ஆயினும் அச்சம் நியாயமானது என்பதால் செயலின்மை நியாயமாகிவிடாது. இதே அச்சத்தை நெடுங்காலம் முன்வைத்த ஜப்பான், 2014-இல் உடன்படிக்கையில் இணைந்தது. இணையுமுன் தன் உள்நாட்டுச் சட்டத்தில், வன்முறைக்கான வாய்ப்பை நீதிமன்றம் கட்டாயம் கருதவேண்டும் என எழுதிக்கொண்டது. அஞ்சியதைச் சட்டத்தின் வாசகமாக்கி அஞ்சாமல் நுழைந்தது எனலாம். நாம் அச்சத்தையே விடையாகக் கொண்டு நின்றுவிட்டோம். நின்றதன் பயன் யாது? இங்கு வந்துசேர்ந்த தாய்க்கும் உறுதியான பாதுகாப்பில்லை; அவரது வழக்கின் முடிவு அமர்வைப் பொறுத்து மாறுகிறது. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கோ கேட்குமிடமே இல்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் சமரசப் பிரிவொன்று அமைக்கப்பட்டதுண்டு. இருதரப்பும் இசைந்தால் மட்டுமே சமரசம் உண்டு. இசையாதவரிடம் அதற்கு வலுவில்லை.

இம்மூன்று முயற்சிகளுக்கும் பொதுவான ஒரு குறையை நம் வாசகர் எளிதில் காண்பர். விவாதம் முழுவதும் நியூயார்க்கையும் லண்டனையும் நோக்கியே நடந்தது. குமரி மாவட்டத்தின் திருவிதாங்கோட்டிலோ இடலாக்குடியிலோ குளச்சலிலோ கடல் கடந்த உறவினர் எங்கே என்று கேட்டால் வளைகுடா என்ற விடையே முதலில் வரும். அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளுள் எதுவும் ஹேக் உடன்படிக்கையில் இணைந்ததன்று. எனவே நாளையே இந்தியா கையொப்பமிட்டாலும் தக்கலைப் பெரியவரின் மகளுக்கு அதனால் ஒரு கடிதமும் கிடைக்காது. உடன்படிக்கையில் இணைவது தேவையே; ஆனால் அது மட்டும் ஆயத்தம் ஆகாது.

ஃபிக்ஹ் நூல்களில் இவ்வினா

இவ்விடத்தில் நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் நூல்களின்பால் கவனத்தைத் திருப்புவது பொருத்தமாகும். வளைகுடா நீதிமன்றங்களின் தீர்ப்புகள் அந்நூல்களின் சொற்களாலேயே எழுதப்படுகின்றன. அவற்றை அறியாமல் அந்நாடுகளோடு ஒப்பந்தம் பேசவியலாது.

ஹளானத் எனும் சொல், அக்குளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட விலாப்புறத்தைக் குறிக்கும் ‘ஹிள்ன்’ என்பதிலிருந்து வந்தது. பறவை முட்டையை இறகின்கீழ் அணைத்துக் காப்பதும் இவ்வேர்ச்சொல்லாலேயே குறிக்கப்படும். விலாயத் என்பது பிள்ளையின் பொருள், திருமணம், பயணம் போன்றவற்றில் முடிவெடுக்கும் அதிகாரம். அணைப்பு ஒருவரிடமும் அதிகாரம் மற்றொருவரிடமும் இருக்கலாம் என்பது ஃபிக்ஹின் அமைப்பு. ஹேக் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவோ, குழந்தையின் வாழிடத்தை முடிவுசெய்யும் உரிமையையும் ‘காவல் உரிமை’யில் அடக்குகிறது. பயணத்திற்கு இசைவு தரும் உரிமையும் காவல் உரிமையே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு சிலி நாட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாறாயின் விலாயத்தின் ஒரு பகுதி பன்னாட்டுச் சட்டத்தின் காவல் உரிமைக்குள் வருகிறது. இந்நுட்பம் தெரியாத மொழிபெயர்ப்பே தக்கலைக் குடும்பத்தை வழிதவறச் செய்தது.

பிள்ளையைக் கொண்டுசெல்லும் வழக்கு நம் மரபில் புதிதன்று. ஹள்ரத் உமர் (ரலி) தம் மணவிலக்குப் பெற்ற மனைவிக்குப் பிறந்த மகன் ஆஸிம், குபாப் பள்ளியின் முற்றத்தில் விளையாடுவதைக் கண்டு, அவனைப் பற்றித் தம் வாகனத்தில் அமர்த்திக்கொண்டார்கள். பாட்டியார் வந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. இருவரும் என் மகன் என்றனர். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிடுமாறு கலீஃபா பணித்தார்கள். உமர் (ரலி) மறுசொல் கூறவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்துள்ள இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. தந்தையாயினும் தாமே கைக்கொள்வது தீர்வாகாது என்பது ஒன்று. பிணக்கு நேரே தீர்ப்பவரிடம் சென்று, காலம் கழியாமல் முடிந்தது என்பது மற்றொன்று.

பிற்கால ஃபகீஹ்கள் இதனை மேலும் விரித்தனர். மணவிலக்குப் பெற்ற தாய், தன் நிகாஹ் நடந்த தாயகத்திற்கன்றி வேறூருக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லலாகாது என்பது ஹிதாயா கூறும் ஹனஃபி நிலைப்பாடு. இரு ஊர்களும் அண்மையில் இருப்பின் தடையில்லை. தந்தை சென்று பிள்ளையைப் பார்த்துவிட்டு அன்றிரவே தன் இல்லம் திரும்பக்கூடிய தொலைவே அண்மைக்கு அளவுகோல். இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் ஷாஃபிஈ நிலைப்பாட்டைத் தருகையில், தேவைக்கான பயணத்தையும் குடிபெயர்வையும் வேறுபடுத்துகிறார்கள். பெற்றோருள் ஒருவர் தேவைக்காகப் பயணித்தால் அவர் மீளும்வரை பிள்ளை ஊரில் இருப்பவரிடம் இருக்கும். குடிபெயர்வதாயின் தந்தைக்கு முன்னுரிமை. ஆனால் வழியும் சேருமிடமும் அச்சமற்றவையாக இருத்தல் நிபந்தனை.

இவற்றை அப்படியே இன்றைய சட்டமாக்கலாம் என்பது என் கருத்தன்று. குலவழி காத்தலைக் காரணமாகக் கொண்டு தந்தைக்குத் தரப்பட்ட முன்னுரிமை, அக்காலச் சமூக அமைப்போடு பிணைந்தது. ஒட்டகத்தின் ஓர் இரவுத் தொலைவும் விமானத்தின் நான்கு மணித் தொலைவும் ஒன்றல்ல. ஆயினும் அவர்கள் எழுப்பிய வினாக்களை நோக்குக. பிள்ளை மற்றவரின் பார்வைக்கு எட்டுமா? சென்றது தற்காலிகமா, நிலையானதா? சேருமிடம் பாதுகாப்பானதா? ஹேக் உடன்படிக்கையின் வாழிடக் கோட்பாடும் கடும் ஆபத்து எனும் விலக்கும் இதே வினாக்களையே வேறு சொற்களில் கேட்கின்றன. எனவே ஷரீஅத்தைத் தழுவிய நாடுகளோடு இதில் உடன்பாடு காண இயலாது என்பாரின் கூற்று ஏற்கத்தக்கதன்று.

இதற்கு நடைமுறைச் சான்றுகளும் உள. 2003 ஜனவரியில் பிரிட்டன், பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளின் மூத்த நீதிபதிகள் கூடி ஓர் இசைவுக் குறிப்பில் கையொப்பமிட்டனர். குழந்தையின் நலனை அதன் வழக்கமான வாழிடத்து நீதிமன்றமே முடிவுசெய்யவேண்டும். கொண்டுவரப்பட்ட நாட்டின் நீதிமன்றம் பொதுவாகத் திருப்பியனுப்பும் ஆணையன்றி வேறு பிறப்பிக்கலாகாது என்பது அதன் சாரம். அப்போது பாகிஸ்தான் ஹேக் உடன்படிக்கையில் இல்லை. 2004-இல் மால்டாவில் தொடங்கிய உரையாடல், ஹேக் நாடுகளின் நீதிபதிகளையும் ஷரீஅத் செல்வாக்குள்ள நாடுகளின் நீதிபதிகளையும் ஒரே மேசையில் அமர்த்தியது. மொராக்கோவில் உடன்படிக்கை 2010-இல் நடைமுறைக்கு வந்தது, பாகிஸ்தானில் 2017-இல். நமக்கு டெல்லியைவிட அண்மையிலுள்ள கொழும்போ 2001-லேயே இணைந்து தனிச்சட்டமும் இயற்றிக்கொண்டது.

எது ஆயத்தம்?

ஆயத்தம் என்பது கையொப்பமன்று. பிள்ளையை இழந்த ஒருவர் முதல்நாள் காலையில் செல்லக்கூடிய வாயில் ஒன்று இருப்பதே ஆயத்தம். அத்தகைய மைய அமைப்பைச் சட்டத்தின் மூலம் நிறுவ, உடன்படிக்கையில் இணையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றங்களில், மதுரைக் கிளை உட்பட, இவ்வழக்குகளைக் குறித்த வாரங்களுக்குள் முடிக்கும் தனி அமர்வு வேண்டும். உடன்படிக்கை நாடுகளிலேயே ஆறு வாரம் என்பது எழுத்தளவில்தான் உள்ளது. 2015-ஆம் ஆண்டு விண்ணப்பங்கள் முடியச் சராசரியாக 164 நாள்கள் ஆயின. ஆயினும் 164 நாளும் பதினான்கு ஆண்டும் ஒன்றாகா. தப்பிவந்த தாய்க்கு வன்முறை விலக்கு சட்டத்தில் தெளிவாக எழுதப்படவேண்டும். சிறைத்தண்டனைப் பிரிவு கைவிடப்படவேண்டும். வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றோடும் நீதித்துறை அளவில் இருதரப்பு இசைவு காணப்படவேண்டும். ஹளானத் தீர்ப்புப் பெற்ற தாய்க்கு அதனைச் செலுத்துவதற்கான நுழைவுரிமையும் அவ்விசைவின் பகுதியாகவேண்டும். பணத் தீர்ப்புக்காகப் பேசமுடிந்த இரு அரசுகள் பிள்ளைக்காகவும் பேசலாம்.

அரசை மட்டும் குறைசொல்லி நாம் ஒதுங்கிவிடலாகாது. ஹளானத் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். மாணவர் ஓதுகின்றனர், தேர்வெழுதுகின்றனர், மறக்கின்றனர். இன்று நம் ஜமாஅத்துகளில் நடைபெறும் தலாக்குகளில் எத்தனையோ கடல் கடந்தவை என்ற நினைவோடு அப்பாடத்தை நான் நடத்தியதில்லை. சக ஆசிரியர் பலரும் நடத்தியிருக்கமாட்டார்கள். சட்ட ஆணையம் 2009-இலும் 2016-இலும் இப்பொருளை ஆராய்ந்தபோது, ஷாஃபிஈ, ஹனஃபி நூல்களின் இவ்வத்தியாயங்களை மொழிபெயர்த்து, வளைகுடாச் சட்டங்களோடு ஒப்பிட்டு, ஒரு குறிப்பாயினும் அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. தனியார் சட்டத்தில் கைவைக்கிறார்கள் எனும்போது எழும் நம் குரல், தனியார் சட்டத்தின் அறிவு ஒரு தாய்க்குப் பயன்படும் இடத்தில் எழவில்லை.

ஊர் அளவில் செய்யத்தக்கவையும் உண்டு. வெளிநாட்டில் வாழும் தம்பதியரின் பிணக்கு ஜமாஅத்துக்கு வரும்போது, பிள்ளை இப்போது எங்கே, அதன் கடவுச்சீட்டு யாரிடம், எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு என்பவற்றை முதலில் கேட்டுப் பதிவுசெய்யவேண்டும். மஹர், நகை, சீர்வரிசை ஆகியவற்றின் கணக்கு முடிந்தபின்னரே பிள்ளையின் பேச்சு வருவது நம் வழக்கமாக இருக்கிறது. அவ்வரிசை மாறவேண்டும். அரபுத் தீர்ப்புகளைப் பிழையின்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துத் தரும் பணியை அரபுக் கல்லூரிகள் ஏற்கலாம். அதற்குப் பெருஞ்செலவில்லை.

தாயைப் பிள்ளையைக் கொண்டு துன்புறுத்தலாகாது, தந்தையையும் பிள்ளையைக் கொண்டு துன்புறுத்தலாகாது எனும் கருத்துடைய அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தை நாம் அறிவோம். இருதரப்பையும் ஒரே நிறையில் வைக்கும் அந்நெறியே இப்பொருளில் எந்தச் சட்டத்திற்கும் அடிப்படையாகத் தக்கது.

தக்கலைப் பெரியவரிடம் அன்று தீர்ப்பின் உண்மைப் பொருளை எழுதிக்கொடுத்தேன். அதனைக் கொண்டு தூதரகத்திற்கும் அமைச்சகத்திற்கும் அவர் விண்ணப்பித்தார். பெற்றுக்கொண்டோம் எனும் மறுமொழிகள் வந்தன. அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவரைக் கண்டு விசாரித்தேன். பேரன் வாரம் ஒருமுறை கைப்பேசியில் உம்மாவிடம் பேசுகிறானாம். அவனுடைய தமிழ் குறைந்துகொண்டு வருகிறது என்றார். தீர்ப்புத் தாள் இன்னும் அவருடைய பெட்டியில் இருக்கிறது. அதில் எழுதப்பட்ட ஹளானத் செல்லுபடியாவதுதான். அதனைச் செலுத்த வழிசெய்யும் சட்டம்தான் இன்னும் எழுதப்படவில்லை.